கைக்குழந்தையோடு ஒரு சனி, ஞாயிறு சிங்கப்பூர்

விமானத்தில் நாலு மணி நேரம்தான். பிள்ளைக்கு டிக்கெட் செலவும் குறைவு. ஆனால் இந்தப் பயணத்தின் உண்மையான கணக்கு டிக்கெட்டில் எழுதியிருப்பதில்லை.

வெள்ளிக்கிழமை இரவு எட்டரை மணி. சென்னை விமான நிலையத்தில் பன்னாட்டுப் புறப்பாடு வாசல். ஏழெட்டு மாதக் குழந்தை ஒன்று அம்மாவின் மார்போடு கேரியரில் கட்டுண்டு, இரண்டு கால்களையும் உதைத்தபடி கூரை விளக்குகளை வேடிக்கை பார்க்கிறது. அப்பாவின் ஒரு கையில் மடக்கிய ஸ்ட்ரோலர், மறு கையில் மூன்று பாஸ்போர்ட். வழியனுப்ப வந்த பாட்டிக்கு மனசு இன்னும் ஆறவில்லை. “காதுல பஞ்சு வச்சுக்கோடி. ஏசி நேரா மூஞ்சில அடிக்கும், குல்லாவக் கழட்டாத” என்கிறார். தாத்தா மருமகனைக் கேட்கிறார்: “ஞாயித்துக்கிழமை ராத்திரியே கிளம்பிடுவீங்களா மாப்ளே? அதுக்குள்ள என்னத்தப் பாப்பீங்க?”

மாப்பிள்ளை சிரிக்கிறார். பதில் சொல்வதற்குள், வாசலில் நிற்கும் பாதுகாப்பு வீரர் டிக்கெட்டைக் கேட்டுக் கை நீட்டுகிறார்.

தொடர் விடுமுறை வரும் எந்த வாரமும் இந்த வாசலில் இப்படி நாலைந்து குடும்பங்களாவது கண்ணில் படும். திருச்சியிலும் கோவையிலும் இதே காட்சிதான். பெரியவர்கள் பதறுகிறார்கள், நண்பர்கள் படம் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள், அலுவலகத்தில் ‘போகலாமா, கூடாதா’ என்று பட்டிமன்றமே நடக்கிறது. போகலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கட்சி. ஆனால் தாத்தா கேட்ட கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு போகவேண்டும்.

ஏன் இந்த அவசரம்?

காரணங்கள் எளிமையானவை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளலாம் என்பது உலகெங்கும் விமான நிறுவனங்களின் நடைமுறை. பன்னாட்டுப் பயணத்தில் அந்தக் குழந்தைக்குப் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கோ, நிறுவனம் வைத்திருக்கும் ஒரு நிலையான தொகையோ கட்டினால் போதும். இரண்டாம் பிறந்தநாள் வந்துவிட்டால் முழு இருக்கைக்கான கட்டணம். பயணத்தின் நடுவே அந்தப் பிறந்தநாள் வந்தால் திரும்பி வருவதற்குத் தனி டிக்கெட் எடுத்தாகவேண்டும்.

இன்னொரு காரணம் விடுப்பு. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தில் வந்த திருத்தத்திலிருந்து, தகுதியுள்ள பெண்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்குத் தலா 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. அது முடிந்து அலுவலகம் திரும்பியதும் மீண்டும் நீண்ட விடுமுறை கேட்க முடியாது. கையில் இருப்பது சனி, ஞாயிறும் அதை ஒட்டி வரும் ஓர் அரசு விடுமுறையும்தான். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே வரலாம் என்று மலேசியா அறிவித்தது. தாய்லாந்தும் அதே வழியில் கதவைத் திறந்தது. சிங்கப்பூருக்கு விசா வேண்டும். ஆனாலும் சிராங்கூன் ரோட்டில் அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருக்கும் குடும்பங்கள் நம் ஊரில் ஏராளம்.

கடிகாரத்தில் தோற்கும் பயணம்

குழந்தையோடு போன வாரக்கடைசிப் பயணம் வீணானது என்று சொல்பவர்களிடம் விவரம் கேட்டுப் பாருங்கள். குழந்தை அழுதது பெரிய விஷயமாக இருக்காது. நேரக்கணக்குதான் காலை வாரியிருக்கும்.

வெள்ளி இரவு பதினொரு மணியை ஒட்டிச் சென்னையில் கிளம்பும் விமானம், சிங்கப்பூரில் விடியற்காலை ஆறு மணியை ஒட்டி இறங்குகிறது. லீவு போடாமல் ஒரு நாள் மிச்சம் என்று எல்லோரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். இரண்டு பேர் மட்டும் போனால் இது நல்ல கணக்கு. குழந்தையோடு போனால் நிலைமை வேறு. சிங்கப்பூரில் ஆறு மணி என்றால் குழந்தையின் உடம்புக்கு மூன்றரை மணி. நடு இரவில் எழுப்பி, இறக்கி, குடியேற்ற வரிசையில் நிற்கவைத்து, வெளியே கொண்டுவந்தால் ஹோட்டல் அறை பிற்பகல் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோதான் கிடைக்கும். அந்த எட்டு ஒன்பது மணி நேரம் குளிப்பாட்ட இடமில்லை, கால் நீட்டிப் படுத்துப் பால் கொடுக்க இடமில்லை. முதுகில் பை, மடியில் பிள்ளை, பெட்டி ஹோட்டல் வரவேற்பறையில். சனிக்கிழமை இப்படிப் போகிறது. ஞாயிறு இரவு மறுபடி விமானம். திங்கள் காலை இருவரும் சிவந்த கண்ணோடு அலுவலகத்தில்.

இதற்கு இரண்டு மாற்று உண்டு. வெள்ளிக்கிழமை ஒரு நாள் விடுப்பு எடுத்துப் பகல் விமானத்தில் போய், இரவில் அறையில் தூங்குவது முதல் வழி. இரவு விமானம்தான் வசதி என்றால், வெள்ளி இரவுக்கும் சேர்த்தே அறைக்குப் பணம் கட்டி, ‘சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருவோம்’ என்று ஹோட்டலுக்கு முன்பே எழுதிவிடுவது அடுத்த வழி. ஓர் இரவு வாடகை கூடுதல்தான். இந்தப் பயணத்தில் எந்தச் செலவைக் குறைத்தாலும் இதை மட்டும் குறைக்கக்கூடாது என்பேன்.

நேர வித்தியாசம் இரண்டரை மணி. அதைக் கண்டு பயப்படுகிறவர்கள் அதில் இருக்கும் வசதியைக் கவனிப்பதில்லை. சென்னையில் எட்டரைக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழும் குழந்தை, சிங்கப்பூர் கடிகாரத்தில் பதினொரு மணிக்குத் தூங்கி எட்டரைக்கு எழும். மூன்று நாளுக்காக அதன் பழக்கத்தை மாற்ற முயலாதீர்கள். கார்டன்ஸ் பை த பே பூங்காவில் உயர்ந்து நிற்கும் ‘சூப்பர்ட்ரீ’ கோபுரங்களில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் இலவச ஒளிக்காட்சி நடக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அப்போது மாலை ஐந்தேகால் மணியும் ஆறேகால் மணியும், விளையாடும் பொழுது. வெயில் அடங்கிய நகரத்தை விழித்த குழந்தையோடு பார்க்கலாம். காலையில் அது தூங்கும்போது நீங்களும் தூங்கலாம்.

ஆக, ‘என்னத்தப் பாப்பீங்க?’ என்பதற்கு என் பதில்: ஒரு நாளைக்கு ஓர் இடம், ஓர் உலா. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. நடுவில் அறைக்குத் திரும்பும் இரண்டு மூன்று மணி நேரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது. யுனிவர்சல் ஸ்டுடியோஸ், இரவு விலங்குப் பூங்கா, முஸ்தஃபாவில் நள்ளிரவு வரை ஷாப்பிங் ஆகிய மூன்றையும் ஒரே சனிக்கிழமையில் அடைக்கிற திட்டம் பெரியவர்களையே சாய்த்துவிடும்.

பெயர் வைத்தாயிற்றா?

டிக்கெட்டுக்கு முன்னால் பாஸ்போர்ட். பிறந்த குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேண்டும். அம்மாவின் பாஸ்போர்ட்டில் பெயர் சேர்க்கும் காலம் மலையேறிவிட்டது. 2025-ல் திருத்தப்பட்ட பாஸ்போர்ட் விதிகளின்படி, 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பிறந்த தேதிச் சான்றாகப் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே செல்லும். இன்று மடியில் இருக்கும் குழந்தைகள் எல்லாரும் இந்த விதிக்குள் வருகிறார்கள்.

இங்கேதான் நம் ஊர்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்கின்றன. மருத்துவமனை பதிவு செய்யும்போது பெரும்பாலும் குழந்தைக்குப் பெயர் இருக்காது. நட்சத்திரம் பார்த்து, தாத்தா பெயரைச் சேர்ப்பதா என்று பேசி முடிக்க மாதங்கள் ஆகும். பெயரில்லாத சான்றிதழை வைத்துக்கொண்டு பாஸ்போர்ட்டுக்குப் போக முடியாது. குழந்தை பிறந்து ஒரு வருடத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்த சிக்கல் இன்ஷியல். பாஸ்போர்ட்டில் ‘கே.’, ‘எஸ்.’ என்று சுருக்கெழுத்துப் போட முடியாது. அப்பா பெயரையோ அம்மா பெயரையோ விரித்துக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவதா, அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவதா என்று முன்பே முடிவெடுங்கள். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது தவித்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். குழந்தையின் பெயர் டிக்கெட்டிலும் விசாவிலும் பாஸ்போர்ட்டிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

---

பெட்டிச் செய்தி: கையில் இருக்கவேண்டிய தாள்கள்

• சிறார் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுக்குச் செல்லும். விண்ணப்பத்தோடு பெற்றோர் இருவரும் கையெழுத்திட்ட ‘அனெக்ஷர் டி’ உறுதிமொழி வேண்டும்.

• நாலு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படத்தைப் பாஸ்போர்ட் சேவை மையத்துக்கு நாமே கொண்டுபோகவேண்டும். வெள்ளை விரிப்பில் படுக்கவைத்து மேலிருந்து எடுப்பது எளிது.

• சிங்கப்பூர் விசா குழந்தைக்கும் தனியாக எடுக்கவேண்டும். அரசுக் கட்டணம் ஆளுக்கு 30 சிங்கப்பூர் டாலர். முகவர் கட்டணம் தனி.

• சிங்கப்பூரின் வருகை அட்டையை, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பவேண்டும். குழந்தைக்கும் உண்டு. இலவசம்; பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

• அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் குழந்தையோடு போனால், மற்றவரின் ஒப்புதல் கடிதத்தை வைத்துக்கொள்வது நல்லது.

• பயணக் காப்பீடு எடுக்கும்முன், அது எத்தனை மாதக் குழந்தையிலிருந்து செல்லும் என்று பாருங்கள். திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது.

---

காது, மடி, பெல்ட்

பாட்டி சொன்ன பஞ்சு குளிருக்கு இதமாக இருக்கலாம். காது வலிக்கு உதவாது. விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம், சுமார் ஆறாயிரம் முதல் எட்டாயிரம் அடி உயர மலைமேல் இருப்பதுபோலத்தான் வைக்கப்படுகிறது. ஊட்டி உயரத்துக்குப் பக்கம். கீழிறங்கும்போது காதுக்கு வெளியே அழுத்தம் கூடும். செவிப்பறைக்குப் பின்னால் தொண்டையோடு இணையும் குழாய் திறந்தால்தான் காதின் உள்ளும் புறமும் அழுத்தம் சமமாகும். நமக்கு எச்சில் விழுங்கினால் திறந்துவிடும். குழந்தைக்கு அந்தக் குழாய் குறுகலானது, நமக்குத் தெரிந்த வித்தையும் அதற்குத் தெரியாது. சப்பி விழுங்கவைப்பதுதான் வழி: தாய்ப்பால், புட்டி, அல்லது சூப்பான். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் இது முக்கியம். தரை தொடுவதற்கு அரை மணி நேரம் முன்பே விமானம் தாழத் தொடங்கிவிடும். அதனால் இறங்கும் நேரத்துக்கு ஒரு பசியை மிச்சம் வையுங்கள்.

சளியோடு இருக்கும் குழந்தைக்கு இது இன்னும் கடினம். காதில் தொற்று என்று மருத்துவர் சொன்னால், டிக்கெட் பணம் போனாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இனி நம் ஊரில் யாரும் அதிகம் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். மடியில் வைத்த குழந்தை விமானத்தில் எவ்வளவு பத்திரம்?

1989 ஜூலை 19 அன்று அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் 232 விமானம், இயந்திரம் வெடித்துக் கட்டுப்பாட்டை இழந்து, சூ சிட்டி விமான நிலையத்தில் விழுந்து உடைந்தது. 112 பேர் இறந்தார்கள். மடிக்குழந்தைகள் நாலு பேர் அதில் இருந்தார்கள். அன்றைய நடைமுறைப்படி, குழந்தையைத் துணிகளால் சுற்றிக் காலடியில் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி பெற்றோருக்குச் சொல்லப்பட்டது. மோதலின் வேகத்தில் எந்தக் கையாலும் பிடித்துவைக்க முடியவில்லை. ஒரு குழந்தை இறந்தது. அந்த அறிவுரையைச் சொல்லவேண்டியிருந்த தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன், உயிர்பிழைத்தபின் பல ஆண்டுகள் ஒரே கோரிக்கைக்காகப் போராடினார்: ஒவ்வொரு குழந்தைக்கும் தனி இருக்கை, தனி பெல்ட்.

அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் அவர் பக்கம் நின்றது. விமானத்துறை ஒழுங்காணையம் சட்டமாக்க மறுத்தது. குழந்தைக்கும் முழு டிக்கெட் என்றால் பல குடும்பங்கள் காரில் போகும், சாலையில் அதைவிட அதிகம் பேர் சாவார்கள் என்பது அதன் வாதம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. இன்று வரை மடிப்பயணம் உலகெங்கும் சட்டப்படி செல்லும். விமானப் பயணம் மொத்தத்தில் மிகப் பாதுகாப்பானதும்கூட. ஆனால் 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் நடுவானில் குலுங்கியபோது, பெல்ட் போடாதவர்கள் கூரையில் மோதினார்கள். ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். குலுக்கல் சொல்லிக்கொண்டு வராது.

பணம் அனுமதித்தால் குழந்தைக்கும் ஓர் இருக்கை எடுத்து, விமானத்துக்கு ஒப்புதல் பெற்ற கார் சீட்டைக் கட்டி உட்காரவைப்பதுதான் ஆகச் சிறந்தது. முடியாவிட்டால், அம்மாவின் பெல்ட்டோடு கோர்க்கும் குட்டி பெல்ட்டைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்குங்கள். ஒரே பெல்ட்டை இருவரையும் சேர்த்துப் போடவே கூடாது. குலுக்கலில் பெரியவரின் எடை முழுவதும் குழந்தையை நசுக்கும். முன்வரிசைத் தொட்டில் பெரிய விமானங்களில்தான் பொதுவாகக் கிடைக்கும். குறைந்த கட்டண நிறுவனங்களின் சிறிய விமானங்களில் பெரும்பாலும் கிடையாது. எடை வரம்பும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பால், சுடுநீர், கூழ் பற்றிய பயம் வேண்டாம். 100 மில்லிலிட்டர் திரவக் கட்டுப்பாட்டில் குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. பாதுகாப்புச் சோதனையில் தனியாக எடுத்துக் காட்டினால் போதும்.

குழந்தை அழுதால்? அழட்டும். பக்கத்து இருக்கைக்காரரிடம் கூனிக்குறுகி மன்னிப்புக் கேட்கும் இளம் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அமைதி வேண்டுவோருக்கென 12 வயதுக்குட்பட்டவர்களை அமர்த்தாத பகுதியை 2013-லேயே ஸ்கூட் நிறுவனம் தொடங்கியது. இண்டிகோவும் பின்னர் சில வரிசைகளை அப்படி ஒதுக்கியது. தூங்கவேண்டியவர்கள் அங்கே உட்காரலாம். குழந்தையும் பயணிதான்.

---

பெட்டிச் செய்தி: மருத்துவரைக் கேட்காமல் கிளம்பக்கூடாதவர்கள்

• பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைகள். பிறந்த முதல் நாட்களில் விமான நிறுவனங்களே ஏற்பதில்லை, அல்லது மருத்துவர் கடிதம் கேட்கின்றன. இரண்டு மூன்று மாதம் பொறுத்துப் போவதையே குழந்தை மருத்துவர்கள் பலர் விரும்புகிறார்கள்.

• குறைமாதத்தில் பிறந்து நுரையீரல் பிரச்சினை இருந்த குழந்தைகள். உயரத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு குறையும்.

• இதயக் கோளாறு, கடும் ரத்தசோகை உள்ளவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள்.

• தட்டம்மைத் தடுப்பூசியின் முதல் தவணை நம் நாட்டு அட்டவணையில் 9 மாதம் முடிந்துதான். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை வெளிநாடு போகிறது என்றால், முன்கூட்டிப் போடவேண்டுமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

• சிங்கப்பூரில் டெங்கு உண்டு. ஸ்ட்ரோலருக்குக் கொசுவலை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்குக் கொசு விரட்டிக் களிம்பு பூசக்கூடாது.

---

சக்கரம் ஓடும் ஊர்

சிங்கப்பூரைச் சிலர் கண்ணாடிக் கட்டடங்களுக்காக விரும்புகிறார்கள். கைக்குழந்தையோடு போகிறவருக்கு அந்த ஊரின் அருமை தரையில் தெரியும். ஹோட்டல் வாசலிலிருந்து ரயில் பெட்டி வரை ஸ்ட்ரோலரை ஒரு முறைகூடத் தூக்காமல் தள்ளிப் போகலாம். நடைபாதை முடியும் இடத்தில் சரிவு இருக்கும், நிலையத்தில் லிஃப்ட் இருக்கும், தண்டவாள மேடைக்கும் பெட்டிக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்காது.

இது தொடக்கத்திலிருந்தே இப்படி இருந்ததில்லை. 1987-ல் எம்.ஆர்.டி. ரயில் ஓடத் தொடங்கியபோது நிலையங்கள் லிஃப்ட்டை நினைத்துக் கட்டப்படவில்லை. பிறகு பணம் செலவழித்து, பழைய நிலையங்களை இடித்துத் திருத்தி லிஃப்ட் வைத்தார்கள். சக்கர நாற்காலிக்காரர்களுக்கென்று செய்த அந்த வேலையின் பலனைத்தான் இன்று ஒவ்வொரு தாயும் அனுபவிக்கிறார். 2017 ஏப்ரல் முதல், ஸ்ட்ரோலரை மடக்காமலே பேருந்தில் ஏற்றலாம். 90 சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறைந்த குழந்தைக்குப் பெரியவரோடு வந்தால் ரயிலிலும் பேருந்திலும் கட்டணமில்லை.

கார் விஷயத்தில் கவனம் தேவை. 1.35 மீட்டருக்குக் குறைந்தவர்களைக் காரில் ஏற்ற, அவர்கள் உயரத்துக்கு ஏற்ற குழந்தை இருக்கை கட்டாயம். கிராப் போன்ற செயலிகளில் வரும் தனியார் வாடகைக் கார்களுக்கும் இது பொருந்தும். தெருவில் கை காட்டி நிறுத்தும் டாக்சிக்கு மட்டும் விலக்கு. விவரம் தெரியாமல் சாதாரண கிராப் காரை அழைத்தால், கைக்குழந்தையைப் பார்த்ததும் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார். அவர் மேல் கோபப்படுவதில் பயனில்லை. குழந்தை இருக்கையோடு வரும் வண்டியைச் செயலியில் தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ரயிலே இன்னும் நல்லது.

எங்கே போகலாம்? தாவரவியல் பூங்கா. 2015-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது, நுழைவுக் கட்டணம் இல்லை. பிள்ளை எழுந்த பிறகு காலையில் போய்ப் புல்தரையில் ஒரு துணியை விரித்துப் பிள்ளையைத் தவழ விட்டால், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே இந்த ஊருக்கு வந்தது சரிதான் என்று தோன்றும். மாலையில் கார்டன்ஸ் பை த பே. மழை வந்தால் சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் வளாகத்தில், 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் உள்ளரங்க அருவி. வெயில், ஏசி, வெயில், ஏசி என்று மாறி மாறிப் போவதுதான் அங்கே குழந்தைக்குச் சங்கடம். மெல்லிய பருத்திச் சட்டை, அதற்கு மேல் போட்டுக் கழற்ற ஒரு துணி. ஆறு மாதம் ஆகாத குழந்தையை வெயிலில் காட்டாதீர்கள்.

சாப்பாட்டுக்கு, இந்தியர் வட்டாரமான தேக்கா இருக்கிறது. 1947-லிருந்து சிராங்கூன் ரோட்டில் இட்லி ஊற்றும் கோமள விலாஸ் இருக்கிறது. எட்டு மாதக் குழந்தைக்குச் சூடான இட்லியை வெந்நீரில் மசித்துக் கொடுக்க வெளிநாட்டில் இதைவிட நல்ல இடம் அமையாது. குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்தது; பால் பவுடர் கலக்க மட்டும் அறையில் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை என்றால் பயணத்திலேயே மிக எளிதான பயணி அதுதான்.

அந்தத் தேக்காவுக்குப் பக்கத்தில், புக்கிட் தீமா ரோட்டில், கே.கே. மகளிர், குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. 1966-ல் ஒரே ஆண்டில் 39,835 குழந்தைகள் பிறந்து கின்னஸில் இடம்பெற்ற மருத்துவமனை. குழந்தைகளுக்கான அவசரப் பிரிவு இரவும் பகலும் இயங்குகிறது. ஆம்புலன்ஸ் எண் 995. சுற்றுலாப் பயணிக்குச் செலவு அதிகம். காப்பீடு இல்லாமல் போகவேண்டாம் என்று சொல்வது அதனால்தான்.

யாருக்கு விடுமுறை?

படங்களில் மூவரும் சிரிக்கிறார்கள். இரவு இரண்டு மணிக்குப் பழக்கமில்லாத அறையில் பிள்ளை விழித்தபோது யார் எழுந்தார் என்பது படத்தில் இருக்காது.

வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கு ஒரு படை இருக்கிறது. பாட்டி, அத்தை, மேல்வேலைக்கு வரும் அக்கா, பக்கத்து வீட்டுப் பெண் என்று கைகள் மாறும். விமானம் ஏறியதும் அத்தனை கைகளும் இரண்டு ஜோடியாகக் குறைந்துவிடுகின்றன. அதில் ஒரு ஜோடி கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தால் மிச்சம் ஒன்றுதான். பால் கொடுப்பது, துணி மாற்றுவது, தூங்கவைப்பது, பையில் எது எங்கே என்று நினைவு வைத்திருப்பது எல்லாம் அந்த ஒருவர் தலையில். சிசேரியன் ஆகி ஆறேழு மாதமே ஆன உடம்போடு அவர் ஊர் முழுக்கப் பிள்ளையைச் சுமக்கிறார். ‘சிங்கப்பூர் போய்ட்டு வந்தியே, ரெஸ்ட் எடுத்தியா?’ என்று அலுவலகத்தில் கேட்கிறார்கள்.

தந்தையருக்குக் குழந்தை வளர்ப்பைப் பழக்கும் ஏற்பாடு நம் நாட்டில் மிகக் குறைவு. மத்திய அரசு ஆண் ஊழியருக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. அதனால் பல அப்பாக்களுக்குப் பிள்ளையோடு முழு நாள் இருக்கும் முதல் சந்தர்ப்பமே இந்தப் பயணம்தான். அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் அப்பாக்களே. நாளுக்கு ஒரு பொழுது, குறைந்தது மூன்று மணி நேரம், பால் கொடுத்து முடித்த பின் பிள்ளையை நீங்கள் ஸ்ட்ரோலரில் தள்ளிக்கொண்டு போங்கள். அம்மா தூங்கட்டும், தனியாக ஒரு காபி குடிக்கட்டும், பிடித்த கடைக்குப் போகட்டும். ஒளிக்காட்சியைத் தவறவிட்டாலும் இதைத் தவறவிடாதீர்கள்.

பாட்டியையும் கூட்டிப் போவது பல குடும்பங்களின் தீர்வு. நல்லதுதான். ஆனால் அறையில் பேரனைப் பார்த்துக்கொள்ள அவரை வைத்துவிட்டு மற்றவர்கள் ஊர் சுற்றக் கிளம்புவது நியாயமில்லை. அவருக்கும் அது முதல் வெளிநாட்டுப் பயணமாக இருக்கலாம். சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மனையும் சிராங்கூன் ரோட்டு வீரமாகாளியம்மனையும் அவர் பார்க்கவேண்டாமா?

வேறு ஊர்கள்

முதல் தடவை போகிறவர்களுக்குச் சிங்கப்பூரைவிடக் கொழும்பு எளிது. விமானம் ஒன்றரை மணி நேரத்துக்குள், கடிகார வித்தியாசமே இல்லை, சாப்பாடும் தெரிந்த சாப்பாடு. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து விரைவுச்சாலை இருக்கிறது. மாலையில் காலிமுகத்திடலில் கடற்காற்று.

கோலாலம்பூருக்கு விசாத் தொல்லை இல்லை. ஆனால் விமான நிலையம் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். விரைவு ரயிலில் அரை மணி நேரம். பத்துமலை முருகனைப் பார்க்காமல் தமிழர்கள் திரும்புவதில்லை. மேலே குகைக்கு 272 படிகள். ஸ்ட்ரோலர் ஏறாது, நனைந்த படியில் கைக்குழந்தையோடு ஏறுவது நல்லதல்ல, குரங்குகளும் உண்டு. ஒருவர் கீழே 140 அடி முருகன் சிலையருகே பிள்ளையோடு இருக்க, மற்றவர் ஏறிவிட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம்.

திரும்பி வந்த பிறகு

இந்தப் பயணங்களின் பெரிய விளைவு திங்கள்கிழமைதான் தெரிகிறது. மூன்று நாள் ஓடிய ஸ்ட்ரோலர், சென்னையில் வீட்டு வாசலைத் தாண்டியதும் நின்றுவிடுகிறது. நடைபாதையில் டிரான்ஸ்ஃபார்மர், அதைத் தாண்டினால் நிறுத்திவைத்த பைக், அதையும் தாண்டினால் ஒன்றரை அடி உயர விளிம்பு. வாங்கிய ஸ்ட்ரோலர் பரணுக்குப் போகிறது. பிள்ளை மறுபடி இடுப்புக்கு வருகிறது. வெளியே போவதே குறைந்து, அம்மாவும் பிள்ளையும் நாலு சுவருக்குள் அடைகிறார்கள்.

நம்மால் முடியாது என்று சொல்வதற்கில்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் முன்னுரிமை தரும் கொள்கையைச் சென்னை மாநகராட்சி 2014-லேயே ஏற்றது. 2019-ல் தியாகராய நகர் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை வந்தது. இன்று மாலையில் அங்கே ஸ்ட்ரோலர்கள் ஓடுகின்றன. மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறது. பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறைகளைத் தமிழ்நாடு அரசு 2015-ல் திறந்தது. மாற்றுத்திறனாளிகள் நீதிமன்றத்தில் நீண்டகாலம் போராடியதன் பயனாக 2024-ல் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் வந்தன. பொது இடங்களில் பாலூட்டும் அறைகள் வேண்டும் என்ற வழக்கில் 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களுக்கு அதை நினைவூட்டியது. ஆனால் பாண்டி பஜார் ஒரு தெரு. பூட்டிக் கிடக்கும் பாலூட்டும் அறையால் யாருக்கும் பயனில்லை.

பிள்ளையைத் தள்ளிக்கொண்டு நடக்க ஒரு நகரம் எப்படி இருக்கவேண்டும் என்பதைக் கண்ணால் கண்டவர்கள் இந்த இளம் பெற்றோர். பயணப் படங்களைப் பகிர்ந்த கையோடு இன்னொன்றும் செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து பக்கத்துப் பூங்கா வரை, அல்லது பேருந்து நிறுத்தம் வரை, ஸ்ட்ரோலரைத் தள்ளிப் போய்ப் பாருங்கள். எங்கெல்லாம் தூக்கவேண்டியிருக்கிறதோ அங்கெல்லாம் ஒரு படம் எடுங்கள். அந்தப் படங்களை உங்கள் வார்டு கவுன்சிலரிடமும் மாநகராட்சிப் பொறியாளரிடமும் நேரில் கொடுத்து, எப்போது சரிசெய்வீர்கள் என்று தேதி கேளுங்கள். அடுத்த மாதமும் போய்க் கேளுங்கள்.